ஆறாவது பொன்னாடை

எங்கள் ஆட்களின் கையில் ஒரு மைக் கிடைத்துவிட்டால் எனக்கு வயிற்றைக் குமட்டத் தொடங்கிவிடும். இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை, இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த காலத்திலிருந்தே இருக்கிறது. லிபெர்த்தாத் தெருவில் சிஞ்ஞோராக்கள் என்கிற வீட்டுக்கார அம்மாக்களின் கழிப்பறைகளை வருடக்கணக்காகக் கழுவியிருக்கிறேன், ஒருநாளும் குமட்டியதில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்து விழாவில் தலைவர் ஏர்னஸ்ற் அண்ணை தொண்டையைச் செருமி, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினால் மட்டும் எழும்பி ஓடவேண்டும்போல இருக்கும்.

ஆனாலும் ஜூன் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். ஆசையோடுதான் போனேன், அதை ஏன் மறைப்பான். தலைக்கு மை பூசி, பெட்டிக்குள் கிடந்த நல்ல சேலையை எடுத்து உடுத்து, முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் போய் இருந்தேன். என் மகள் அனிற்றாவின் பெயரை அந்த மைக்கில் ஒரேயொரு தடவை கேட்கவேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

அனிற்றா ஆம்புலன்சில் வேலை செய்கிறாள். டொக்டர் இல்லை, நேர்சும் இல்லை. விழுந்து கிடப்பவனைத் தூக்கி, மூச்சு நின்றவனுக்கு நெஞ்சை அமத்தி, ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை. இங்கே பிறந்து, இங்கே படித்து, பரீட்சை எழுதித் தானாகவே தேடிக்கொண்டாள். வேலை கிடைத்த செய்தியை நான் கோயில் வாசலில் சொன்னபோது எங்கள் பெண்கள், "ஆம்புலன்சோ?" என்று கேட்ட விதத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. பிள்ளை களவெடுத்துப் பிடிபட்டதுபோலத்தான் கேட்டார்கள்.

பிறகு அது இன்னும் மோசமானது. பிரான்காச்சோவில் தனியாக இருந்த எங்கள் ஊர் மனிதர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே செத்துப்போய், சில நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. ஆம்புலன்ஸ் போனது, அனிற்றா அதில் இருந்தாள். சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் நிற்க, உள்ளே போய் அந்த மனிதருக்கு ஒரு வெள்ளைத் துணி போர்த்தி, கட்டிலில் கிடத்த உதவியது என் பிள்ளை. அதற்குக் கிடைத்த நன்றி என்ன தெரியுமா? 'பிரேதம் தூக்கிற பெட்டை' என்ற பெயர். மிலானோவிலிருந்து பேசிவந்த ஒரு சம்பந்தம் அத்தோடு நின்றது. ஏர்னஸ்ற் அண்ணையின் மனைவி யூலியானா தன் வீட்டுப் பிறந்தநாளில் எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாசில் குளிர்பானம் கொடுத்தாள், அனிற்றாவுக்கு மட்டும் கடதாசிக் கப்பில் கொடுத்தாள். குடித்து முடித்ததும், "அதை நீயே குப்பைக்கை போட்டுவிடு பிள்ளை" என்றாள். என் கண்ணால் கண்டேன். அனிற்றா சிரித்துக்கொண்டே போட்டாள். அவளுக்கு விளங்கவில்லை என்று நான் நினைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆட்கள் ஆம்புலன்ஸ்காரருக்கு விழா எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஜனவரியில் போர்கோ வெக்கியோவில் ஜெனோஜன் என்கிற பெடியன், குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்து, ஜன்னலையும் பூட்டிக்கொண்டு, மனைவி பிள்ளைகளோடு படுத்துவிட்டான். புகை நெடி ஒன்றும் தெரியாமலேயே நாலு பேரும் மயங்கிப்போனார்கள். தீயணைப்புக்காரர் கதவை உடைத்தார்கள். ஆம்புலன்ஸ் இரண்டு வந்தது. அதில் வந்த ஆறு பேரில் அனிற்றா ஒருத்தி. மூன்றாம் மாடியிலிருந்து சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவள் அவள்தான். கண் விழித்த ஜெனோஜனின் மனைவியோடு தமிழில் கதைத்து, "அக்கா, நாலு பேரும் இருக்கிறியள், பயப்பிடாதேங்கோ" என்று சொன்னவளும் அவள்தான். இது ஊருக்கே தெரியும். தெரியாது என்று ஒருவரும் சொல்லமுடியாது.

ஆகவே உயிர் காத்தவர்களைக் கௌரவிக்கப்போகிறோம் என்று சங்கம் அறிவித்தபோது நான் நம்பினேன். தீயணைப்புக்காரரும் ஆம்புலன்ஸ்காரரும் சேர்ந்து பேஸ்போல் விளையாடுகிற பழக்கம் உள்ளவர்கள். விழா முடிய எங்கள் கிரிக்கெற் பெடியளோடு ஒரு சிநேகபூர்வ ஆட்டம் ஆடலாம் என்று அவர்களே கேட்டார்கள். ஏர்னஸ்ற் அண்ணை உடனே சம்மதித்தார்.

"பேஸ்போல் எண்டால் என்ன, மட்டையும் பந்தும்தானே. எங்கட பெடியள் கண்ணை மூடிக்கொண்டு வெல்லுவினம்."

மூன்று மணி என்று போட்டிருந்தார்கள். மைதானத்தில் ஒரு நிழல் கிடையாது. கௌரவிக்கப்பட வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து, தடித்த சீருடையோடு வெயிலில் வரிசையாக இருந்தார்கள். விழா தொடங்கவில்லை. ஏனென்றால் பிரதம விருந்தினர் வரவில்லை. நகரசபையில் எதற்கோ பொறுப்பான ஒரு அசெசோரே. எங்கள் ஆட்களின் சட்டம் இது: பிரதம விருந்தினர் வராமல் விளக்கு ஏற்றக்கூடாது, அவர் கதிரையில் இருக்காமல் ஒருவரும் இருக்கக்கூடாது, அவர் வாயில் வைக்காமல் ஒருவரும் ஒரு பற்றிஸைத் தொடக்கூடாது, அவர் கைதட்டினால்தான் கைதட்டவேண்டும். பெட்டி பெட்டியாக ரோல்சும் பற்றிஸும் மேசையில் மூடிக்கிடந்தன. ஒரு தீயணைப்புக்காரர் பசியில் மூடியைத் திறக்கப்போனார். சங்கத்து ஆள் ஒருவர் ஓடிவந்து பல்லை இளித்துக்கொண்டே மூடினார். நெருப்புக்குள் போகிற மனிதன் ஒரு பற்றிஸுக்கு வெட்கப்பட்டுக் கையை எடுத்ததைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அனிற்றா தன் குழுவோடுதான் இருந்தாள். செம்மஞ்சள் சீருடை, கட்டிய தலைமயிர். குழுத் தலைவன் ஃப்ரான்செஸ்கோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவள் அந்த வரிசையில் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நேரத்தில்தான் யூலியானா கையில் ஒரு பையோடு வந்தாள்.

"அனிற்றா, பொன்னாடைத் தட்டுப் பிடிக்க வரவேண்டிய பெட்டைக்குக் காய்ச்சலாம். சேலை கொண்டுவந்திருக்கிறன். நீ ஒருக்காச் சுத்திக்கொண்டு நில்லன்."

"அன்ரி, எங்கட குழுவைத்தானே கூப்பிடப்போறியள். நான் இவையோடை இருக்கவேணும்."

"உன்ரை பேரைக் கடைசியாக் கூப்பிடுவினம். தட்டை வைச்சிட்டு வந்து நிண்டால் சரி. அஞ்சு நிமிச வேலை."

நான் எழும்பிப் போனேன். "ஏன் யூலியானா அக்கா, மரியாதை வாங்க வந்த பிள்ளை தட்டுப் பிடிக்கிறதோ? வேறை ஒரு பெட்டையும் இல்லையோ இஞ்சை?"

"நீர் ஒண்டு. அவள் என்ன அந்நியமோ? எங்கட பிள்ளைதானே."

கடதாசிக் கப்பு கொடுத்த நாளில் அந்நியம், தட்டுப் பிடிக்க ஆள் இல்லாத நாளில் எங்கட பிள்ளை. வாய்வரை வந்தது. அதற்குள் அனிற்றா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, விடுங்கோ. சண்டை வேண்டாம். கடைசியாக் கூப்பிடுவம் எண்டு சொல்லினம்தானே."

அவள் போய் உடுத்துக்கொண்டு வந்தாள். சேலை நீளம் காணாது, கீழே அவளுடைய வேலைச் சப்பாத்து தெரிந்தது. மைதானத்து ஓரத்தில், தட்டில் ஆறு பொன்னாடைகளை வைத்துக்கொண்டு, எங்கள் விழாக்களில் சின்னப் பெட்டையள் நிற்கிற இடத்தில் என் பிள்ளை நின்றாள். ஃப்ரான்செஸ்கோ புருவத்தை உயர்த்திப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கிவிட்டுச் சிரித்தாள்.

அசெசோரே ஒருவழியாக வந்து சேர்ந்தார். தனியாக வரவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட மச்சினன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடற்கரைக்குப் போகிற வழியில் வந்தவன்போல காற்சட்டையும் செருப்புமாக வந்தான். ஏர்னஸ்ற் அண்ணை அவர்களைக் கண்ட மாத்திரத்தில் அரைவாசியாக வளைந்தார். அந்த வளைவைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கு ஏற்றினார்கள், மௌனம் காத்தார்கள், பிறகு பேச்சு. ஏர்னஸ்ற் அண்ணை தமிழில் பேசி அதையே இத்தாலியனிலும் பேசினார். தீயணைப்பைப் பற்றி ஒரு வரி, சங்கத்தை அவர் வளர்த்த வரலாறு மிச்சம்.

பிறகு ஜெனோஜன் பேச வந்தான். உயிர் தப்பியவன். கையில் ஒரு துண்டும் இல்லாமல்தான் வந்தான், சரி, மனதிலிருந்து பேசப்போகிறான் என்று நினைத்தேன். ஆண்டவருக்கு நன்றி என்றான். பிரதம விருந்தினருக்கு நன்றி என்றான். தலைவர் ஏர்னஸ்ற் அண்ணைக்கு, சங்கத்துக்கு, இத்தாலி நாட்டுக்கு நன்றி என்றான். அவன் பிள்ளையைத் தோளில் சுமந்தவள் அவனுக்கு ஆறடி தள்ளித் தட்டோடு நின்றாள். அவளைப் பார்க்கவுமில்லை. கூச்சமா, பயமா தெரியாது. எனக்கு அந்த நேரம் அவனைப் பிடித்துத் திரும்பவும் அந்த அறைக்குள் தள்ளிவிட்டால் என்ன என்றிருந்தது. பாவமான நினைப்புத்தான். நினைத்தேன்.

தீயணைப்புக்காரருக்கு முதலில் வேறொரு தட்டிலிருந்து போர்த்தி முடிந்தது. பிறகு ஆம்புலன்ஸ் குழு. ஏர்னஸ்ற் அண்ணை பெயரைக் கூப்பிட, அசெசோரே அனிற்றாவின் தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். ஃப்ரான்செஸ்கோ, அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். ஐந்து பேர். ஒவ்வொருவரும் தங்களோடு வேலை செய்கிறவளின் கையிலிருந்த தட்டிலிருந்துதான் மரியாதை வாங்கினார்கள். அவர்களுக்கே அது ஒரு மாதிரியாக இருந்திருக்கவேண்டும், ஒரு பெண் அனிற்றாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தட்டில் ஒன்று மிச்சமிருந்தது. நான் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அனிற்றா தட்டை வைக்க இடம் தேடிப் பக்கத்து மேசையைப் பார்த்தாள்.

ஏர்னஸ்ற் அண்ணை மச்சினனைப் பார்த்தார். வந்த விருந்தாளி வெறுந்தோளோடு இருக்கிறானே என்ற கவலை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. தட்டிலிருந்த ஆறாவது பொன்னாடையைத் தன் கையாலேயே எடுத்தார். "எமது அழைப்பை ஏற்று வருகை தந்த" என்று ஏதோ சொல்லி, காற்சட்டையும் செருப்புமாக இருந்த அந்த மனிதனுக்குப் போர்த்திவிட்டார். அவன் வாய்க்குள் கிடந்த சூயிங்கத்தை மென்றபடியே படத்துக்கு நின்றான்.

ஃப்ரான்செஸ்கோ எழும்பி, அனிற்றாவைக் காட்டி, "இவளுக்கு?" என்று கேட்டான். ஏர்னஸ்ற் அண்ணை சிரித்துக்கொண்டு இத்தாலியனில் பதில் சொன்னார். "இவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. வீட்டுக்குள்ளே ஆரும் மரியாதை செய்யிறதில்லை."

நான் எழும்பிவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனிசன் இராஜநாயகம் என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சேரும், இரும். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

"ஆக்களை விடும். பிள்ளையின்ரை முகத்தைப் பாரும்."

பார்த்தேன். வெறுந்தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். ஆனால் காதோரம் சிவந்துபோயிருந்தது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போதும் அப்படித்தான் சிவக்கும். நான் வாயைத் திறந்தால் அந்த அழுகை எல்லோருக்கும் முன்னால் வந்துவிடும். இருந்துவிட்டேன். இருந்ததற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அசெசோரே ஒரு பற்றிஸைக் கடித்ததும் பெட்டிகள் எல்லாம் திறந்தன. பிறகு ஆட்டம்.

ஆட்டத்தைப் பற்றி நான் பொய் சொல்லக்கூடாது. அந்த நாளில் நான் அனுபவித்துப் பார்த்தது அது ஒன்றுதான். அனிற்றா சேலையைக் கழற்றி எறிந்துவிட்டு, சீருடைக் காற்சட்டையும் யாரோ கொடுத்த தொப்பியுமாகத் தன் ஆட்களோடு இறங்கினாள். ஓடுகிறவர் மிதிக்கவேண்டிய மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நின்றாள். எங்கள் பெடியளுக்குத் தலைவன் ஏர்னஸ்ற் அண்ணையின் மகன் டினேஷ். கையுறை கொடுத்தபோது, "இது பொம்பிளையளுக்கு" என்று சொல்லி எறிந்துவிட்டு வெறுங்கையால் ஒரு பந்தைப் பிடித்தான். பிறகு கொஞ்ச நேரம் கையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தான்.

பந்தடிக்க வந்தபோது இன்னும் பகிடி. பேஸ்போலில் பந்து முன்னால் போனால் மட்டையை எறிந்துவிட்டு ஓடியே ஆகவேண்டும். கிரிக்கெற்காரனுக்கு அது மண்டைக்குள் ஏறுமா? டினேஷ் பந்தைத் தட்டினான். தட்டிவிட்டு ஒரு கையை உயர்த்தி, ஓட்டம் வேண்டாம் என்று மற்றப் பக்கத்துக்குச் சைகை காட்டினான். மற்றப் பக்கத்தில் ஒருவருமே இல்லை. இத்தாலியர்கள் பந்தைப் பொறுக்கி ஆறுதலாக எறிந்து அவனை வெளியேற்றினார்கள். அடுத்த பெடியன் ஓடினான், மட்டையோடு ஓடினான். பேஸுக்குக் கிட்டப் போனதும் குனிந்து, மட்டை நுனியை நிலத்தில் உரசி எட்டி வைத்தான். கால் இன்னும் மூன்றடி தள்ளி நின்றது. நடுவர் அவனை வெளியே போகச் சொல்ல, "மட்டை உள்ளுக்கைதானே நிக்குது" என்று சண்டைக்குப் போனான். அனிற்றா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மனிசன்கூடச் சிரித்தார்.

ஆனால் முன்வரிசைக்காரர் விளையாட்டை விளங்கிக்கொண்டதாகவே நடித்தார்கள். டினேஷ் இரண்டாம் தரம் வந்து பந்தைத் தன் முதுகுப் பக்கமாகத் தட்டிவிட்டு மட்டையை உயர்த்தினான். பேஸ்போலில் அது செல்லாத அடி. ஏர்னஸ்ற் அண்ணை மைக்கில், "அருமையான நாலு" என்றார். அசெசோரே கைதட்டினார், உடனே எல்லோரும் தட்டினார்கள்.

முன்வரிசையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த மைதானத்தில் ஆட்கள் இருந்து பார்க்கக் கம்பிவலைக்குப் பின்னால்தான் இடம். எங்கள் சங்கத்தார் விருந்தினர் கதிரைகளை வலைக்கு உள்ளே, மூன்றாம் பேஸ் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஒரு தீயணைப்புக்காரர் வந்து, பந்து இந்தப் பக்கம் பாயும், எல்லோரும் பின்னுக்குப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தார்.

"அசெசோரேயைக் கம்பிக்குப் பின்னாலை இருத்துறதோ? மறியல்வீட்டுக் கைதியளை இருத்துறமாதிரியோ?" என்று எங்களைப் பார்த்துத் தமிழில் கேட்டார் ஏர்னஸ்ற் அண்ணை. தீயணைப்புக்காரரிடம் திரும்பி இத்தாலியனில், "எங்களுக்குப் பந்து பழக்கம்" என்றார்.

அந்தப் பந்து டினேஷின் மட்டையிலிருந்துதான் வந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு நேராக வந்தது. மைக்கில் பேசிக்கொண்டிருந்த தகப்பனின் வாயில் பட்டது. சத்தம் மைக்கிலும் கேட்டது. மைக் புல்லில் விழுந்தது, கதிரையோடு அவர் சரிந்தார். யூலியானா குழறினாள். அசெசோரே எழும்பி நாலடி பின்னால் போய்த் தன் சட்டையில் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

எல்லோருக்கும் கிட்ட நின்றவள் அனிற்றா. ஓடிவந்து முழங்காலில் இருந்து, அவர் தலையை நிமிர்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்து இருத்தினாள். இடுப்புப் பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்துப் போட்டாள்.

"அங்கிள், வாயைத் திறவுங்கோ. இரத்தத்தை விழுங்காதேங்கோ, துப்புங்கோ."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வாய் கிழிந்திருந்தது, மேற்பல் இரண்டு இல்லை. அந்த வாயாலும் சொன்னார்.

"நீ விடு. பிரேதம் தூக்கிற கையாலை என்ரை வாயைத் தொடாதை. அந்தத் தம்பியைக் கூப்பிடு."

நான் இரண்டாம் வரிசையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. பக்கத்தில் நின்ற யூலியானாவின் காதிலும் விழுந்தது. அவள் புருசனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், அவர் சொன்னது சரி என்பதுபோல.

ஃப்ரான்செஸ்கோ பையோடு வந்து குனிந்தான். அவர் என்ன சொல்கிறார் என்று அனிற்றாவிடம் கேட்டான்.

"நோகுதாம்," என்றாள் அவள் இத்தாலியனில். எழும்பி அவனுக்கு இடம் விட்டாள். அவன் துணியை அமத்தி, ஐஸ் பொதியை எடுத்து அவர் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னான். அனிற்றா போய்விடவில்லை. புல்லில் குந்தி, அவருடைய பல்லைத் தேடத் தொடங்கினாள். பல் முழுதாகக் கிடைத்தால் டொக்டர் திரும்ப வைத்துவிடுவார் என்று ஃப்ரான்செஸ்கோவிடம் சொல்லிக்கொண்டே தேடினாள்.

அதுதான் என்னால் தாங்கமுடியாமல் போனது. அவர் சொன்னதை நான் தாங்கியிருப்பேன், பழகிப்போன நாற்றம்தானே. அதற்குப் பிறகும் அவள் அந்த மனிதனின் பல்லுக்காக மண்டியிட்டதைப் பார்க்க எனக்குக் கண் இருண்டது.

புல்லில் கிடந்த மைக்கை எடுத்தேன். அதில் அவருடைய இரத்தம் பிசுபிசுத்தது. சேலையில் துடைத்தேன். எனக்குத் தெரிந்தது வீட்டு வேலை இத்தாலியன்தான். வாளி, துணி, சவர்க்காரம், ஓம் சிஞ்ஞோரா, இல்லை சிஞ்ஞோரா. அந்த இத்தாலியனிலேயே சொன்னேன்.

"நோகுது எண்டு இவர் சொல்லவில்லை. என்ரை மகளின்ரை கை செத்த ஆக்களைத் தொடுகிற கை, தன்னைத் தொடக்கூடாது எண்டு சொன்னவர். அந்தக் கை ஜனவரியிலை இந்த ஜெனோஜனின்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை சாகயில்லை. ஆறு பேர் வந்தவை. ஐஞ்சு பேரைத்தான் கூப்பிட்டவை. ஆறாவது ஆளை நான் கூப்பிடுறன்."

மூச்சை இழுத்துக்கொண்டேன். விழாவில் அவர்கள் கூப்பிடுகிற மாதிரியே, ஒவ்வொரு எழுத்தும் விளங்கக் கூப்பிட்டேன்.

"அனிற்றா இராஜநாயகம்."

தீயணைப்புக்காரர்கள் ஏர்னஸ்ற் அண்ணையைப் பார்த்தார்கள். ஃப்ரான்செஸ்கோ கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு அனிற்றாவைப் பார்த்தான். எங்கள் ஆட்கள் யாரைப் பார்த்தார்கள் தெரியுமா? என்னையுமில்லை, என் மகளையுமில்லை. அசெசோரேயைப் பார்த்தார்கள்.

அசெசோரே தன் தொலைபேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் அவர் காதில் ஏறியிருக்காது. மைக்கில் ஒரு பெயர் கேட்டது, அதற்குப் பிறகு சத்தமில்லை. அது எதற்கான இடம் என்பது விழாவுக்கு விழா போய்ப் பழகிய மனிதருக்குத் தெரியும். தலையை நிமிர்த்தி, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கையைத் தட்டினார். பொன்னாடையோடு இருந்த மச்சினனும் தட்டினான்.

பிறகு எல்லோரும் தட்டினார்கள். சங்கத்துக் குழு முழுவதும் எழும்பி நின்று தட்டியது. வலைக்குப் பின்னால் இருந்த சனமெல்லாம் தட்டியது. ஜெனோஜன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினான். யூலியானா கண்ணைத் துடைத்துவிட்டுத் தட்டினாள். என் பிள்ளையின் பெயருக்கு எங்கள் ஆட்கள் தட்டிய முதல் கைதட்டல். காது அடைக்கிற அளவுக்குத் தட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே சத்தி எடுக்கவேண்டும்போல இருந்தது.

ஏர்னஸ்ற் அண்ணை சாய்ந்தபடியே கண்ணைத் திருப்பிப் பிரதம விருந்தினரைப் பார்த்தார். அவர் தட்டுவதைக் கண்டார். வாயில் வைத்திருந்த ஐஸ் பொதியை எடுத்து மடியில் வைத்தார். இரத்தம் நாடியால் வழிந்து வெள்ளைச் சட்டையில் சொட்டச் சொட்ட, அவரும் இரண்டு கையாலும் தட்டினார்.

அனிற்றா நிமிர்ந்து பார்க்கவில்லை. புல்லை விரலால் விலக்கி, விலக்கி, இரண்டாவது பல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.